எங்கே இருக்கிறாய் என்று நலம் கேட்கும் நாடு

இந்த நாட்டில் காலையில் எதிரே வருகிறவர்கள் யாரும் என்னிடம் சௌக்கியமா என்று கேட்பதில்லை. "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில், முகத்துக்கு நேராக நின்றுகொண்டு கேட்கிறார்கள். வந்த புதிதில் எனக்கு இது சுத்தமாக விளங்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் தண்ணீர் வாளியைத் தலையில் சுமந்து வந்த ஒரு பெண் நின்று, "துமேலா, ம்மே. ஓ காயே?" என்றாள். துமேலா என்றால் வணக்கம், ம்மே என்றால் அம்மா, அதுவரைக்கும் தெரியும். மிச்சத்துக்குப் பையிலிருந்த சின்ன அகராதியை எடுத்துப் புரட்டினேன். காயே என்றால் எங்கே என்று போட்டிருந்தது. எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. மூன்று நாள் பயணம், உடம்பெல்லாம் வலி, குளிர் வேறு. "உன் முன்னாடிதானே நிற்கிறேன், கண் தெரியவில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, வாளியில் ஒரு சொட்டுத் தளும்பாமல், வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அவள்தான் மாபலேசா, எங்கள் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. இந்த நாட்டில் எங்கே இருக்கிறாய் என்றால் எப்படி இருக்கிறாய் என்று பொருள் என்பதை அவள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பதில் "கெ தெங்". இருக்கிறேன் என்று அர்த்தம். இருந்தால் போதும், நன்றாக இருப்பதாகத்தான் கணக்கு. கேள்வியில் காய், பதிலில் தெங்கு, இரண்டும் சேர்ந்தால் தெங்கங்காய் என்று நான் மனப்பாடம் செய்துகொண்டேன். அந்தத் தேங்காய்க் கணக்கை நினைத்து முதல் ஒரு வாரம் வாய்விட்டுச் சிரித்தேன். பிற்பாடு அந்த இரண்டு சொற்கள் ஒரு குடும்பத்தின் வயலை வாரிக்கொண்டு போகும் என்றோ, வாரிக்கொடுத்த கை என் கையாக இருக்கும் என்றோ நான் நினைக்கவில்லை.

ஏற்காட்டிலும் சேலத்திலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நாட்டின் பெயரைச் சொல்லிவிடுகிறேன். லெசோத்தோ. ஆப்பிரிக்காவின் தென்கோடியில், ஒரே ஒரு பெரிய நாட்டால் நாலாபுறமும் சூழப்பட்ட சின்ன மலை ராச்சியம். ராஜா உண்டு. சிங்கம் கிடையாது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம், நான் எண்பதுகளின் நடுவில் இங்கே வாத்தியார் வேலைக்கு வந்தது முதல் என் வீட்டுக்காரர் எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும் ஏற்காட்டு மலையில் எங்கள் ஊரான கொட்டச்சேட்டிலிருந்து யாராவது ஒருவர் சிங்கத்தை விசாரிக்கிறார். என் நாத்தனார், "ஊட்டுக்குள்ள சிங்கம் வருமான்னு கேட்டு எழுதச் சொல்லுங்க" என்றாளாம். இன்னொருவர் இங்கே மனிதர்களைத் தின்பார்களா என்று கேட்டிருந்தார். படித்தபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. நாமும் மலைக்காரர்கள். சேலத்துக் கடைவீதியில் நம்மைப் பார்த்து, காட்டுக்குள் என்ன தின்பீர்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு அழுதவர்களே இன்னொரு மலைக்காரரைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கிறார்கள். நான் பதில் எழுதினேன்: இங்கே பனி பெய்கிறது, ஜனங்கள் கம்பளி போர்த்திக்கொண்டு மக்காச்சோளக் களி கிண்டித் தின்கிறார்கள், நம்மூர்க் கேப்பைக் களிக்கு அக்காள் தங்கச்சி மாதிரி இருக்கிறது, சிங்கத்தை மைசூர் மிருகக்காட்சிசாலையில் போய்ப் பார்த்துக்கொள்ளவும்.

இங்கே இன்னொரு வழக்கம். கலியாணமாகிக் குழந்தை பெற்றவளை அவள் பெயரால் கூப்பிடமாட்டார்கள். தலைப்பிள்ளையின் பெயருக்கு முன்னால் மா போட்டுக் கூப்பிடுவார்கள். பலேசாவின் அம்மா மாபலேசா. அப்பா ராபலேசா. பலேசா என்றால் பூ. என் மகள் பெயர் வள்ளி என்று சொன்னதுமே நான் மாவள்ளி ஆகிவிட்டேன். நான் கிளம்பும்போது வள்ளிக்கு ஆறு வயது. நான் படித்த கன்னியர் பள்ளியில் சொல்லித்தான் எனக்கு இந்த வேலை கிடைத்தது. தோட்டத்தைப் பார்க்க ஆள் வேண்டுமே என்று வீட்டுக்காரர் வள்ளியோடு கொட்டச்சேட்டிலேயே இருந்துகொண்டார். ஆக, பிள்ளையை எட்டாத தூரத்தில் விட்டுவிட்டு வந்தவளை இந்த ஊர் காலை முதல் மாலைவரை அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது. அவர்கள் அன்பாகத்தான் கூப்பிடுகிறார்கள். அது எனக்குக் குத்தும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மாபலேசாவின் மகள் பலேசா என் வகுப்பில் படித்தாள். என் வகுப்பில் முக்கால்வாசி பெண்பிள்ளைகள். பையன்களை மாடு, ஆடு மேய்க்க மலைக்கு அனுப்பிவிடுவார்கள். நான் பூகோளம் எடுத்தேன். பாடப்புத்தகத்தில் இந்த ராச்சியத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். மக்கள்தொகை, பொருளாதாரம், சமுதாயம் என்று மூன்று தலைப்பு. பொருளாதாரம் என்ற தலைப்பின் கீழே ஆட்டு ரோமம், கம்பளி இவற்றோடு ஒரு வரி: இந்நாட்டின் முதன்மையான ஏற்றுமதி, உழைப்பு. அதாவது ஆண்கள் எல்லையைத் தாண்டிப் பக்கத்து நாட்டுத் தங்கச் சுரங்கத்துக்குப் போகிறார்கள். நான் அந்த வரியை வாசித்தபோது பலேசா கையைத் தூக்கினாள். "டீச்சர், அப்படியானால் எங்கள் அப்பா ஏற்றுமதியா?" என்றாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மூன்று வருஷமாக அவள் அப்பா ஊருக்கு வரவில்லை என்பது எனக்குத் தெரியும். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? இந்த வரியை எழுதியவனுக்கு வெட்கமில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது: "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. பரீட்சையில் அப்படியே எழுது."

மனிதரை எழுதுகிறவர்கள் மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கோபம் உண்டு. என் பிறந்த ஊர் வாழவந்தி. சொந்தக் காட்டில் சாமையும் கேப்பையும் போட்டாலும், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் அப்பாவும் அம்மாவும் பக்கத்து எஸ்டேட்டுக்குக் கூலிக்குப் போவார்கள். விடிந்ததும் கொட்டகை முன்னால் எல்லோரும் நிற்க வேண்டும். ரைட்டர் பேரேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்டவர் "இருக்கேனுங்க" என்று குரல் கொடுக்க வேண்டும். ஒருநாள் அம்மாவுக்குக் காய்ச்சல். பெயர் கூப்பிட்டபோது அப்பா முந்திக்கொண்டு, "இருக்குதுங்க" என்றார். ரைட்டர் தலையைத் தூக்கி, "எங்கய்யா இருக்குது?" என்றார். அப்பா, "ஊட்ல இருக்குதுங்க. மத்தியானம் வந்துரும்" என்றார். ரைட்டர் பெயரின் மேல் ஒரு கோடு இழுத்தார். அன்றைக்கு மத்தியானம் அம்மா காய்ச்சலோடு வந்து நின்றபோது, பேர் அடித்தாயிற்று, போய்விட்டு அடுத்த வாரம் வா என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆள் எதிரே நிற்கிறது, ஏட்டில் இல்லை என்கிறார்கள். அந்தக் கோட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும். படித்துப் பெரியவளாகி, எழுதுகிற இடத்துக்கு நான் போனால் ஒருத்தர் பெயரையும் அப்படி அடிக்கமாட்டேன் என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

எழுதுகிற இடத்துக்கு வந்தும் விட்டேன். வந்து இரண்டாவது வருஷம், ஜூன் மாதக் குளிர்கால விடுமுறையில் தலைநகரிலிருந்து ஜீப்பில் ஒரு நிபுணர் வந்தார். எந்த நாட்டுக்காரர் என்று கடைசிவரை தெரியவில்லை. எல்லா நாட்டையும் பற்றி ஏதோ ஓர் அறிக்கை எழுதியிருந்தார். அவர் கொண்டுவந்த படிவத்திலும் அதே மூன்று தலைப்பு. ஊரில் வீடு வீடாகப் போய் நிரப்ப எழுத்து நன்றாக இருக்கிற ஆள் வேண்டும் என்றார். தலைமையாசிரியை என்னைக் கை காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு பிரதி நிபுணருக்கு, ஒரு பிரதி ஊர்த்தலைவருக்கு என்று சொன்னார்கள். ஊர்த்தலைவருக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. என் கவனமெல்லாம் வேறொன்றில் இருந்தது. உடன் மொழிபெயர்ப்புக்கு யாரும் வேண்டாம், நானே அவர்கள் பாஷையில் கேட்டுக்கொள்வேன் என்று வீம்பு பிடித்தேன்.

முதல் தலைப்பின் கீழே, வீட்டுத் தலைவர் இருக்கிறாரா, இல்லையா, இல்லையென்றால் எத்தனை ஆண்டாக என்று கட்டங்கள். நான் ஒவ்வொரு வாசலிலும் நின்று, "மோன்னா ஓ காயே?" என்று கேட்டேன். வீட்டுக்காரர் எங்கே? ஒவ்வொரு பெண்ணும் முகம் மலர்ந்து, "ஓ தெங்" என்றாள். இருக்கிறார். நான் இருக்கிறார் என்ற கட்டத்தில் அழகாகக் குறி போட்டேன். மாபலேசா வீட்டிலும் அதே கேள்வி, அதே பதில். சந்தேகப்பட எனக்கு ஒரு முகாந்திரமும் தெரியவில்லை. அவள் வீட்டுக் கொடியில் ஓர் ஆண்பிள்ளைக் கம்பளி வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ராபலேசா வந்துவிட்டார் போலிருக்கிறது, மாட்டைப் பார்க்க மலைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பலேசாவின் கேள்விக்கு இனிப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று உள்ளுக்குள் ஒரு நிம்மதி வேறு.

படிவங்களைப் பார்த்த நிபுணர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நீங்கள் எந்த ஊருக்குப் போனீர்கள்? இந்த மலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஆண் இருக்கும் ஊர் ஒன்று இருக்கிறதா?" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். அவர்கள் காதில் எப்படி இருக்கிறார் என்று விழுந்திருக்கிறது. நன்றாக இருக்கிறார் என்று மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். தேங்காய் என்று மனப்பாடம் செய்தவள் தேவையான நேரத்தில் அதைத் தொலைத்துவிட்டேன். நிபுணர் சிரித்தார். எனக்கு அவமானம். பூகோளம் படித்தவள், எழுத்து நன்றாக இருக்கிறது என்று பெயர் வாங்கியவள். அந்த அவமானத்தைக் கொண்டுபோய் நான் மாபலேசாவின் தலையில் கொட்டினேன்.

அவள் சொன்னதை எங்கள் ஊர்ப் பேச்சாகவே என் காது வாங்கிக்கொண்டு பழகிவிட்டது, அப்படியே எழுதுகிறேன். "எங்கிட்டப் பொய் சொல்லீட்டீங்களே" என்றேன். "பொய் இல்லீங்க. அவரு எப்படி இருக்காருன்னு கேட்டீங்க. நல்லாருக்காருன்னேன்" என்றாள். "மூணு வருசமா வரல, கடுதாசி இல்ல. நல்லாருக்காருன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" அவள் கொடியில் கிடந்த கம்பளியைக் காட்டினாள். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வெயில்ல போடறேனுங்க. ஆளு இல்லாத ஊட்ல யாருங்க கம்பளி காயப்போடுவாங்க?" அப்புறம் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினாள். "இல்லைன்னு மட்டும் எழுதிராதீங்க. அது தலைவரு கைக்குப் போகுது. ஆளு போனவரு போனவருதான்னு ஆச்சுன்னா வயலை எடுத்துருவாங்க. வயலு அவரு பேர்லதான் இருக்குது. எனக்குன்னு கேக்க வாயில்லீங்க."

நான் நம்பவில்லை. இல்லை, நம்பினேன், ஆனால் நிபுணர் சிரித்த சிரிப்பு அதைவிடப் பெரிதாக இருந்தது. "நான் உள்ளதைத்தான் எழுத முடியும். இது வெறும் கணக்கெடுப்பு, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு, அவள் எதிரிலேயே குறியை அடித்து, பக்கத்துக் கட்டத்தில் எழுதினேன்: இல்லை, மூன்று ஆண்டு. கோடு நேராக வர வேண்டும் என்று பேனாவுக்கு அடியில் அளவுகோல் வைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டு முடிந்து, உழவுக்கு முன்னால் ஊர்த்தலைவர் அந்த வயலைத் தன் சித்தப்பா மகனுக்குக் கொடுத்துவிட்டார். மற்ற வீட்டு ஆண்கள் வருஷத்துக்கு ஒருமுறையாவது வந்துபோகிறவர்கள், அவர்கள் வயல் தப்பியது. மாபலேசா வாடகைக்கு ஏர் பிடித்து, பாதி விளைச்சலைக் கொடுத்து, மூன்று வருஷமும் தரிசு போடாமல் உழுத வயல். பலேசாவும் இரண்டு தம்பிகளும் சாப்பிட்டது அதில் விளைந்த சோளத்தைத்தான். பள்ளிக்கூட வேலை விடுமுறை மாதங்களில் கிடையாது. அந்த மாதங்களுக்கு அவளுக்கு இருந்தது அந்த வயல் ஒன்றுதான். செய்தி கேட்டு நான் சமையலறைக்கு ஓடினேன். அவள் பெரிய சட்டியில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். வழக்கம்போல "ஓ காயே, மாவள்ளி?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

சும்மா விடுவேனா? நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். கல் சுவர் கட்டிய மாட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் நாலைந்து பெரியவர்களோடு உட்கார்ந்திருந்தார். வழக்குப் பேச அவளை விட்டுவிட்டு நீ ஏன் வந்தாய் என்றார். அவளைப் பேசவிடமாட்டீர்களே, அதனால் வந்தேன் என்றேன். சட்டப்படி அவள் மைனர் என்று பொறுமையாக விளக்கினார். மூன்று பெற்றவள், சுவர் வைத்து வீடு கட்டியவள், ஊரில் ஆண் வாடையே இல்லாத நாளில் ஏர் பிடித்து உழவைத்தவள், மைனர். நாளைக்கு அவள் மகனுக்கு மீசை முளைத்தால் அவன் மேஜர். இதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்தில் தலைவரின் நாற்காலியையே கவிழ்த்திருப்பேன். நம் ஊரில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கொட்டச்சேட்டில் நான் சம்பாதித்து வேலி போட்ட தோட்டத்துப் பட்டாவில் என் பெயர் இல்லை என்பதும் அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்து தொலைத்தது. "உன் மோன்னா எங்கே?" என்று தலைவர் கேட்டார். "எங்கள் ஊரில், பிள்ளையோடு" என்றேன். பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மனைவி போய்ப் புருஷன் வீட்டைக் காப்பது அவர்களுக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது.

"ராபலேசா இருக்கிறார், ஓ தெங்" என்று நான் கத்தினேன். தலைவர் உள்ளே போய் ஒரு காகிதத்தை எடுத்துவந்து என் முன்னால் நீட்டினார். "இது உன் கையெழுத்துத்தானே? இல்லை என்று நீதான் எழுதியிருக்கிறாய். அழகான எழுத்து" என்றார்.

டிசம்பரில் ராபலேசா வந்தார். சுரங்கத்தூசி நெஞ்சில் இறங்கி, ஏதோ ஓர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்து, வெறுங்கையோடு வீட்டுக்கு வர வெட்கப்பட்டு, கடைசியில் வேறு வழியில்லாமல் வந்தார். நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கினார். அந்த மூச்சோடு மலையேறித் தலைவரிடம் போய், "கெ தெங்" என்றார். இருக்கிறேன். தலைவர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார், நலம் விசாரித்தார், பீர் கொடுக்கச் சொன்னார். வயலைப் பற்றிக் கேட்டதற்கு, பட்டியலில் நீ இல்லையே, அடுத்த பட்டியல் எடுக்கும்போது பார்க்கலாம் என்றார். தங்கத்தைத் தோண்டியெடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டு நெஞ்சை இழந்து வந்த மனுஷனுக்கு ஊரில் ஒரு குழி மண் இல்லை. கேட்க நாதி இல்லை. இதையெல்லாம் அந்தப் பூகோளப் புத்தகத்தில் எந்தத் தலைப்பின் கீழே போடுவார்கள் என்று தெரியவில்லை. நிபுணரின் அறிக்கை அதற்குள் அச்சாகிப் பள்ளிக்கு ஒரு பிரதி வந்துவிட்டது. வழவழவென்ற தாள்.

மறுவாரம் நான் விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பினேன். சேலத்திலிருந்து குப்பனூர் வழியாக ஏறும் பஸ்ஸில், ஒவ்வொரு வளைவிலும் இந்த மலை, அந்த மலை என்று மனசு இரண்டாகப் பிரிந்து தொல்லை கொடுத்தது. கொட்டச்சேட்டில் பழம் பறிக்கும் நேரம். இறங்கினதும் வள்ளி என்னைப் பார்த்து, அவள் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "அம்மாகிட்டப் போ கண்ணு" என்றார் அவர். அவள் மெதுவாக வந்து என் சேலையை மட்டும் தொட்டுப் பார்த்தாள். லெசோத்தோவில் ஒரு ஊரே என்னை மாவள்ளி என்று கூப்பிடுகிறது. வள்ளிக்கு என்னை அம்மா என்று கூப்பிடக் கூச்சம்.

ரெண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி ரேஷன் கார்டை எடுத்துவந்தார். குடும்பத்தார் பட்டியலில் அவர் பெயர், வள்ளியின் பெயர். என் பெயர் மேல் ஒரு கோடு. சிவப்பு மையில், அளவுகோல் வைத்துப் போட்ட நேர்கோடு. "யார் இதை அடிச்சது?" என்றேன். "கார்டு சரிபாக்க ஊடு ஊடா வந்தாங்க. உங்க சம்சாரம் எங்கன்னு கேட்டாங்க. நல்லாருக்குதுங்கன்னேன்" என்றார். "எங்கன்னு கேட்டா எங்கன்னுதானே சொல்லோணும்?" என்று நான் சண்டைக்குப் போனேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆப்பிரிக்கான்னா நாலு பேரு சிரிக்கறாங்க புள்ள. பொண்டாட்டிய அனுப்பீட்டுக் குந்தியிருக்கறான்னு சொல்றாங்க. அதுதான் நல்லாருக்குதுன்னு மட்டும் சொன்னேன். அவங்க ஒருத்தரையொருத்தரு பாத்துச் சிரிச்சுட்டு, ஆளில்லைன்னு எழுதீட்டுப் போயிட்டாங்க."

ஓ காயே என்றதற்கு ஓ தெங் என்று சொல்லியிருக்கிறார் மனுஷன். மாபலேசாவின் வாசலில் நான் நின்ற நிற்பில் இவர் வாசலில் எவனோ நின்றிருக்கிறான். அடுத்த நாள் பஸ் பிடித்து ஏற்காட்டுக்குப் போனேன். ஆபீஸில் மேசைக்குப் பின்னால் ஓர் இளவயதுக்காரர் உட்கார்ந்திருந்தார். கார்டைப் புரட்டிவிட்டு, "ஏனுங்க, இதுல உங்க பேரே இல்லீங்களே" என்றார்.

"அடிச்சிருக்கீங்க. அதனாலதான் இல்ல."

"அடிச்சது நானில்லீங்க, எனக்கு முந்தி இருந்தவரு. ஆளில்லைன்னு குறிப்பு இருக்குது பாருங்க."

"ஆள் இதோ நிக்கறேனே."

"நிக்கறீங்க, சரிதானுங்க. பேப்பர்ல இல்லீங்களே" என்றார்.

நான் மேசையில் ஓங்கித் தட்டினேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உயிரோடு நிற்கிறவளை இல்லை என்று எழுத உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது, பேனா பிடித்தால் கடவுளா, ஒரு கோடு இழுத்தால் ஒரு குடும்பம் என்னாகும் என்று தெரியுமா என்று வாய்க்கு வந்தபடி கேட்டேன். பாதியிலேயே என் குரல் எனக்கே கேட்டது. வாழவந்தியில் ரைட்டர் முன்னால் அப்பா கொடுத்த குரல். கூடவே நான் அளவுகோல் வைத்துப் போட்ட கோடு. நான் நிறுத்திவிட்டேன். அந்த இளைஞர் பாவம், நொம்பப் பயந்துபோய் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். "கோவிச்சுக்காதீங்க. மறுபடி சேக்கச் சொல்லி மனு எழுதீரலாம், நானே எழுதறேனுங்க" என்று ஒரு தாளையும் கார்பனையும் எடுத்தார். பெயர், வயது எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டே வந்தவர் தலையைத் தூக்காமல், "இப்ப எங்கீங்க இருக்கீங்க?" என்றார்.

யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது: "கெ தெங்."

அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். தற்போதைய இருப்பிடம்: கெதெங்கு. "அது எந்த நாட்டுல இருக்குதுங்க?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் முத்திரை குத்தி, கார்பன் பிரதியை என்னிடம் கொடுத்தார். என் பெயர் இன்னும் சேரவில்லை. மனு எங்கேயோ இருக்கிறது.

பள்ளி திறந்ததும் அந்தப் பிரதியைச் சமையலறையில் மாபலேசாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். என் பெயரையும் அடித்துவிட்டார்கள் என்று சொன்னால் அவள் மனசு கொஞ்சம் ஆறும் என்று ஒரு நப்பாசை. கதையைச் சொல்லி, கெதெங்கு என்று எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டி வாசித்தேன். வயல் போனதற்குப் பிறகு முதல் தடவையாக அவள் வாய்விட்டுச் சிரித்தாள். களி கிண்டும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஜன்னலுக்கு வெளியே சரிவில், அவள் வயலில், யாரோ போட்ட சோளம் ஆள் உயரத்துக்கு நின்றுகொண்டிருந்தது. வரப்போரத்தில் ராபலேசா கம்பளி போர்த்திக்கொண்டு அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

சிரித்து முடித்துவிட்டு அவள் தாளை மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"நல்ல மனுசனுங்க அவரு" என்றாள். "காதுல விழுந்ததை எழுதியிருக்காரு. நீங்களும் மொதல்ல அப்படித்தானுங்க எழுதினீங்க."

பிறகு துடுப்பை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டாள். மறுநாள் காலையில் வாசலில் என்னைப் பார்த்ததும் வாளியைத் தலையிலிருந்து இறக்காமலே, "ஓ காயே, மாவள்ளி?" என்றாள். நான் அவள் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். எனக்குப் பதில் தெரியும், இரண்டே சொல். ஆனால் அன்றைக்கு அது வாயில் வரவில்லை.